பால்காப்பு

ஆடுதாண்டி மலையில் காசு என்றால் காப்பு, காப்பு என்றால் காசு, வேறு பேச்சே கிடையாது. கீழ்நாட்டிலிருந்து எந்த ராசாவோ தன் தலையை அச்சடித்து விட்ட வட்டக்காசு சந்தை வழியாக மலையேறி வந்த காலத்தில், மலைக்காரர்கள் அதை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் யாரோ ஒருத்தன் தலை இருக்கிறதே ஒழிய ஒரு கை நுழைய இடம் இருக்கிறதா என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அவர்களுக்குக் காசு என்றால் அது கையில் ஏற வேண்டும், உடம்புச் சூட்டில் கிடக்க வேண்டும், ஆட்டுக்கோ அரிசிக்கோ வேளை வந்தால் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு நடக்க வேண்டும். சுண்டுவிரல் கனத்தில் வெண்கலக் காப்பு. பூவேலை கிடையாது, பூட்டு கிடையாது, எல்லாம் ஒரே வார்ப்பு, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வார்த்தவனே வித்தியாசம் சொல்ல முடியாது. ஆட்டுக்கு இவ்வளவு, எருமைக்கு இவ்வளவு, வாய்த்தகராறில் ஒருத்தன் பல்லை உடைத்தால் இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் ஊர் ஒப்புக்கொண்ட கணக்கு உண்டு. முழுசாக இருக்கும் வரைக்கும்தான் மதிப்பு. அறுத்த காப்பு காசுக்கு ஆகாது, அது கொல்லன் பட்டறைக்கு வெறும் துண்டு.

பெண்ணுக்குக் கொடுக்கிற பரிசத்தில் மற்றக் காப்பெல்லாம் தகப்பன் கைக்குப் போகும். ஒன்றே ஒன்று மட்டும் தாயின் வலது கையில் ஏறும். அதற்குப் பால்காப்பு என்று பேர், முலைப்பாலுக்குக் கூலி. குடித்த பாலுக்குக் கணக்குத் தீர்ந்தது, இனி அவள் உன் வீட்டுப் பெண் இல்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்தப் பெண் தாய்வீட்டு வாசலை மறுபடி மிதிக்க ரெண்டே வழிதான்: ஒன்று, இடுப்பில் பிள்ளையோடு வர வேண்டும், இல்லையென்றால் தாய்க்காரி அதே பால்காப்பைக் கொண்டுபோய், சம்பந்தக்காரி கையில் வைத்து, மகள் தண்ணீர் வார்க்கத் திருப்பிக் கொடுத்து, பரிசத்தை முறித்து, மகளை அழைத்துக்கொண்டு வர வேண்டும். தன் கைக்கு வந்த பால்காப்பையே மகன் கல்யாணத்துக்குப் பரிசமாகத் தூக்கிக் கொடுப்பவர்களும் உண்டு. மகளுக்கு வந்தது மருமகளுக்குப் போகும். பாலுக்கே கூலி போட்ட ஊர் வேறெப்படி இருக்கும், விடுங்கள்.

பெரிய காற்று அடித்த வருஷம் ஆடிச் சந்தையில்தான் அது முதலில் தெரிந்தது. உப்பு கொண்டு வருகிற காதர் ராவுத்தர், வாங்குகிற காப்புகளை ஒரு மூங்கில் கழியில் கோத்துக்கொண்டே போவார், சாயங்காலம் கழியைத் தோளில் போட்டுக்கொண்டு மலை இறங்குவார். அன்றைக்குக் கோக்கப்போனால் ஒன்று கழியில் ஏற மாட்டேன் என்கிறது, இன்னொன்று தொளதொளவென்று ஆடுகிறது, நாலைந்து காப்புகள் நடு ஓட்டையே இல்லாமல் அப்பம் மாதிரிக் கட்டியாகக் கிடக்கின்றன. ராவுத்தர் கல்லில் தட்டிப் பார்த்தார். நல்ல வெண்கலம்தான், மணி மணியாகச் சத்தம் வந்தது. இத்தனை வருஷ வியாபாரத்தில் கள்ளக் காப்பைப் பார்த்திருக்கிறேன், ரோஷம் வந்த காப்பை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு உப்பை அளக்காமல் குந்திக்கொண்டார்.

விஷயம் என்னவென்று பெண்கள்தான் கண்டுபிடித்தார்கள். எந்தக் காப்பு கடைசியாக எந்தப் பெண்ணுக்காகப் பரிசமாகக் கை மாறியதோ, அவளுடைய கை அளவுக்கு அது வந்து நின்றுவிட்டது. அவள் பருத்தால் அது அகன்றது, அவள் இளைத்தால் அது சுருங்கியது. அவள் செத்துப்போனவள் என்றால் ஓட்டை மூடிக் கட்டியாகிவிட்டது, அவ்வளவுதான். பரிசமாகப் போகாத காப்பு மலையிலே ஒன்றுகூடக் கிடையாது என்பதால், சந்தைப் பிலாமரத்தடியில் அன்றைக்கே பாதிச் செல்வம் கட்டியாகக் கிடந்தது. யாரும் மூர்ச்சை போடவில்லை, யாருக்கும் சாமி வரவில்லை. எத்தனை நாள்தான் ஒரு பொருள் தான் எதற்கு விலையாகப் போனோம் என்பதை மறந்துகொண்டே இருக்கும் என்று கேட்டார் நாட்டார். அவர்தான் மலைக்குப் பஞ்சாயத்துப் பேசுகிறவர். அவர் சொன்னது எல்லாருக்கும் சரியாகப் பட்டது.

ஆனால் வியாபாரம் நாறிப்போயிற்று. காசு என்றால் அதற்கு முகம் இருக்கக் கூடாது, பேர் இருக்கக் கூடாது. இருந்துவிட்டால் எப்படிச் செலவழிப்பது? ஒருத்தன் கள்ளுக்கடையில் காப்பை நீட்டினால், இது நம்ம மங்கா கை அளவாச்சே, மங்காவைக் கொடுத்தா மொந்தை கேக்கறே என்று கடைக்காரன் காறித் துப்பினான். எருமை வாங்கப் போனவன் பெண்டாட்டி குறுக்கே படுத்துக்கொண்டு, என் கையை மாட்டுக்கா கொடுக்கிறாய் என்று சண்டை பிடித்தாள். பெண்கள் வீடு வீடாகப் போய்த் தங்கள் காப்பைத் தேடினார்கள், போட்டுப் பார்த்தார்கள், பொருந்தினது கிடைத்ததும் சிலர் சிரித்தார்கள், அநேகம் பேர் அழுதார்கள், ஏனென்றால் அது கிடைத்த இடம் அப்படி. ஒருத்தியுடையது சூதாடியின் முடிச்சில் இருந்தது, ஒருத்தியுடையது அவளை ஏசிய பெரியப்பன் கையிலேயே இருந்தது. கட்டியானவற்றை எல்லாம் சேர்த்து, சுடுகாட்டு நடுகற்களுக்குப் பக்கத்தில் குழி வெட்டி, பேர் தெரிந்தவளுக்குப் பேர் சொல்லி, தெரியாதவளுக்கு ஆயா என்று சொல்லி மூடினார்கள். ராசா தலை போட்ட காசு மலையில் செல்லத் தொடங்கியது அந்த வருஷம்தான். தலைதானே, யார் தலையாக இருந்தால் நமக்கென்ன என்றார்கள்.

இன்னொன்றும் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சின்னாண்டி என்று ஒருத்தன், அக்காளுக்கு வந்த பால்காப்பை அம்மாவிடம் வாங்கித் தன் கல்யாணத்துக்குப் பரிசமாகக் கொடுத்திருந்தான். கட்டி வந்தவள் இவனோடு ஒத்துவராமல் போய்விட, அவள் தாய் வந்து முறைப்படி காப்பை அவன் அம்மா கையில் தண்ணீரோடு திருப்பிக் கொடுத்தாள். கைக்கு வந்ததும் வராததுமாக அது விரிந்தது, விரிந்து விரிந்து அவன் முழங்கை வரைக்கும் ஏறுகிற அளவுக்கு வந்துவிட்டது. பரிசம் முறிந்ததும் காப்பு முந்தின பெண்ணிடம் திரும்பிவிட்டது, அது அக்காள் கை. அக்காள் இப்படிப் பெருத்துக் கிடக்கிறாள் என்றால் அந்த வீட்டில் நெய்யும் பாலும் ஓடுகிறது என்று அர்த்தம் என்று, பெண்டாட்டி போன துக்கத்தை விட்டுவிட்டு மறுநாளே விருந்துக்குக் கிளம்பிவிட்டான். இந்தக் கதை மலையின் எல்லா வளவுக்கும் போயிற்று. சிரித்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்காமல் கேட்டுக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

இனி வெள்ளச்சிக்கு வருவோம். மேல்வளவில் சடையன் பெண்டாட்டி வெள்ளச்சி, ஒரே மகள் பொன்னுருவியை அதற்கு முந்தின தை மாதம் மலைக்கு அந்தப் பக்கம் ஓடைக்காட்டில் அங்காயி மகனுக்குக் கொடுத்திருந்தாள். காப்புகளுக்குப் புத்தி வந்த அன்றைக்கு, வெள்ளச்சியின் வலது கையில் இருந்த பால்காப்பு சற்று இறுகி மகள் கை அளவில் நின்றது. மற்றவர்களெல்லாம் தலையில் கை வைத்துக்கொண்டபோது வெள்ளச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொடுத்த மகளின் கையைப் பகலும் ராவும் பிடித்துக்கொண்டிருக்க எந்தத் தாய்க்குக் கொடுத்துவைக்கும்? களை வெட்டும்போதும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வாள், என் பொண்ணு இன்னிக்கு நல்லாச் சாப்பிட்டிருக்கா என்பாள். கார்த்திகையில் காப்பு மெல்ல மெல்ல அகன்று புறங்கையில் வந்து தொங்கியதும் அவள் புரிந்துகொண்டு, யாரும் சொல்லியனுப்பாமலே தேனும் சுக்கும் சேர்த்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். பங்குனியில் பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மகள் வாசலுக்கு வருவாள் என்று வாசலை ரெண்டு தரம் மெழுகினாள்.

பங்குனியில் மகள் வரவில்லை, காப்புதான் இறுகியது. பிள்ளை பெற்றால் இளைப்பது உண்டுதான் என்று முதலில் இருந்தாள். பழைய அளவுக்கு வந்து நிற்கும் என்று பார்த்தால் நிற்கவில்லை, அதையும் தாண்டி உள்ளே உள்ளே போயிற்று, சதையில் பள்ளம் விழுந்தது, விரல்கள் வீங்கி நாவல்பழ நிறத்துக்கு வந்தன. ஓடைக்காட்டுப் பக்கமிருந்து வந்த கடுக்காய்க்காரன் ஒருத்தன்தான் செய்தி சொன்னான். பிள்ளை பிறந்து மூச்சு விடவில்லையாம், புருஷன் செங்கல் சூளைக்கு என்று கீழ்நாட்டுக்கு இறங்கிப் போனவன் திரும்பவில்லையாம், பொன்னுருவி பாயோடு பாயாகக் கிடக்கிறாளாம், எதைக் கொடுத்தாலும் வாயில் வைக்க மாட்டேன் என்கிறாளாம். இடுப்பு காலியாக இருப்பவள் எப்படித் தாய்வீட்டுக்கு வருவாள்?

சடையன் அவளைக் கொல்லன் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனான். கொல்லன் அரத்தைக் கையில் எடுத்துவிட்டான், ஒரு இழுப்பு போதும், கை பிழைக்கும் என்றான். தாய் கையில் கிடக்கும்போதே மகள் செத்துப்போனால் பால்காப்பு என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது, அதுவரைக்கும் அப்படி நடந்ததில்லை. ஆனால் கட்டியான காப்புகளைப் புதைத்த ஊருக்கு அதை நினைத்துப் பார்ப்பது கஷ்டமில்லை. சடையன் முதலில் அதட்டினான், பிறகு கெஞ்சினான்.

"அறுத்தா எங் கை பொழைக்கும். அறுத்த காப்பக் கொண்டுபோயி எம் பொண்ணக் கேக்க முடியுமா?" என்றாள் வெள்ளச்சி. கொல்லன் அரத்தைக் கீழே வைத்தான்.

காட்டுப்பன்றி காவலுக்கு அவனை விட்டுவிட்டு, சேர்த்து வைத்த தேனையும் ஒரு மூட்டை சாமையையும் தலையில் வைத்துக்கொண்டு, வலது கையை நெஞ்சோடு அணைத்துக் கட்டிக்கொண்டு அவள் மலையைச் சுற்றி இறங்கினாள். வழியெல்லாம் காப்போடு பேசிக்கொண்டே போனாள், இன்னும் கொஞ்சம் பொறு சாமி, இன்னும் கொஞ்சம் பொறு. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

அங்காயி வீட்டில் அவள் எதிர்பார்த்த கொடுமை எதுவும் இல்லை, அதுதான் அவளுக்கு இன்னும் துக்கமாக இருந்தது. கொடுமை இருந்தால் திட்டலாம். ஒற்றை நாடியாக, நரை விழுந்த அங்காயி மருமகளுக்கு வெந்நீர் வைத்துத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள், பக்கத்தில் குடிக்காத கஞ்சி ஏடு படிந்து கிடந்தது. பொன்னுருவியைப் பார்த்ததும் வெள்ளச்சிக்குக் காப்பு ஏன் அந்த அளவில் நிற்கிறது என்று விளங்கிவிட்டது. போர்வைக்கு வெளியே கிடந்த கை விறகுக்குச்சி போல இருந்தது. அம்மா, நம்மூட்டுக்குப் போலாம் என்று மட்டும் சொன்னாள் பொன்னுருவி. நம் சுனைத்தண்ணீர் குடித்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன் என்றாள். இந்த வீட்டில் கண்ணை மூடினால் பிள்ளை அழாத சத்தம் கேட்கிறது என்றாள்.

வெள்ளச்சி சம்பந்தக்காரி காலில் விழுந்தாள். ஆடு தருகிறேன், காட்டில் பாதி எழுதித் தரச் சொல்கிறேன், ராசா தலைக் காசாக எவ்வளவு வேண்டும் என்றாள். அங்காயி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: காப்பைக் கொடு, கூட்டிக்கொண்டு போ. வேறொன்றும் வேண்டாம்.

"அந்தக் காப்பு இப்ப ஊர்ல ஒரு பிடி உப்புக்குக்கூடப் போவாது சம்பந்தி. அத வெச்சிக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"போவாதுன்னு தெரியும். எனக்கு அதுதான் வேணும்."

கல்நெஞ்சுக்காரி என்று வெள்ளச்சி மனசுக்குள் நினைத்துக்கொண்டாள். காப்போ கழலாது. விளக்கெண்ணெய் தடவிப் பார்த்தார்கள், ஓடைத் தண்ணீரில் நெடுநேரம் கையை வைத்துப் பார்த்தார்கள், நூலைச் சுற்றி இழுத்துப் பார்த்தார்கள், தோல்தான் உரிந்தது. மகள் தேறினால் காப்பு தானாக அகலும், கழற்றிக் கொடுக்கலாம். ஆனால் இந்த வீட்டை விட்டுப் போனால்தான் மகள் தேறுவாள். காப்பைக் கொடுத்தால்தான் வீட்டை விட்டுப் போகலாம். சுற்றிச் சுற்றி வந்து அதே இடத்தில் நின்றது. ஆகவே வெள்ளச்சி அங்கேயே தங்கி மகளுக்கு ஊட்ட உட்கார்ந்தாள். தேனைத் தொட்டு நாக்கில் வைத்தாள், சாமைக் கஞ்சியை வடித்துப் பாலாடையில் புகட்டினாள், கதை சொன்னாள், கெஞ்சினாள். ஒரு வாய் உள்ளே போகும், அடுத்த வாயை மகள் துப்பிவிடுவாள். காப்பு ஒரு மயிரிழை அகலும், மறுபடி ஒரு மயிரிழை சுருங்கும்.

ஒருநாள் காலையில் அவள் தன் பங்குக் கஞ்சியை மகள் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, அம்மனுக்கு விரதம் என்று அங்காயியிடம் சொன்னாள். மறுநாளும் விரதம், அதற்கு மறுநாளும் விரதம். மகள் கை பருக்காவிட்டால் போகிறது, தன் கை மகள் கை அளவுக்கு இளைத்துவிட்டால் காப்பு நழுவிவிடும் இல்லையா? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று பழமொழி சொன்னவன் யாரோ, அவன் வெள்ளச்சியைப் பார்த்ததில்லை. கன்னம் ஒட்டிப்போயிற்று, மார்பெலும்பு தெரிந்தது, தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் தலை சுற்றியது. வீங்கின விரல்கள் வற்ற ஆரம்பித்தன.

அங்காயி எத்தனை நாள் பார்க்காமல் இருப்பாள்? எந்த அம்மனுக்கு இத்தனை நீள விரதம் என்று ஒருநாள் அடுப்படியில் வழிமறித்துக் கேட்டாள். வெள்ளச்சி கையை நீட்டிக் காட்டினாள். அங்காயி அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள், காப்பை விரலால் சுற்றித் தடவினாள், பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கும் ஒரு பொண்ணு இருந்தா, மயிலான்னு" என்றாள். "இது அவளுக்கு வந்த பால்காப்பு."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். கீழ்நாட்டு ஆற்றங்கரைக்காரன் ஒருத்தன் இனிக்க இனிக்கப் பேசிப் பெண் கேட்டானாம், அப்போது வீட்டில் அவள் வீட்டுக்காரர் இருமிக்கொண்டு கிடந்தாராம், கொடுத்துவிட்டாளாம். கொடுத்த பிறகு ஒரு சேதி இல்லை. எந்த ஆறு, எந்தக் கரை என்றுகூடத் தெரியாது, ஆட்களை விட்டுத் தேடியும் பார்த்தாகிவிட்டது. மகனுக்குக் கல்யாணம் என்று வந்தபோது பரிசத்துக்கு ஒரு காப்பு குறைந்தது. எல்லாக் காப்பும் ஒன்றுதானே என்று அதைக் கழற்றிப் பொன்னுருவியின் பால்காப்பாகக் கொடுத்தாள். அந்த ஆடியில்தான் காப்புகளுக்கு நினைப்பு வந்தது. ஆறு மாதம் பொறுத்திருந்தால் மயிலா இவள் கையிலேயே இருந்திருப்பாள்.

"சின்னாண்டி கத கேட்டன்னிக்கிருந்து எனக்குத் தூக்கமில்ல" என்றாள் அங்காயி. "நீ திருப்பிக் கொடுத்தா அது எம் பொண்ணுகிட்டப் போயிடும். அவ கை எம்மாத்தம் இருக்குதுன்னு ஒரு தரம் பாத்துட்டா போதும். அதுக்குத்தான் உம் பொண்ணப் புடிச்சி வெச்சிக்கினு இருக்கேன். பாவிதான் நான்."

வெள்ளச்சிக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை. தானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகு எப்படித் திட்டுவது? அன்றிலிருந்து ரெண்டு பேரும் ஒரே வேலையாக இறங்கினார்கள். அங்காயி காலையில் அவள் கைக்கு விளக்கெண்ணெய் தேய்த்து நீவிவிடுவாள், நீவும்போது மயிலா சின்னதில் பண்ணின சேட்டையெல்லாம் சொல்லுவாள். பனங்கிழங்குக்கு அழுதது, ஆட்டுக்குட்டிக்குத் தன் பாவாடையைக் கட்டிவிட்டது. சதை கரையும், எலும்பு கரையுமா என்று கவலைப்படுவாள். சாப்பிடு என்றும் சொல்ல முடியாமல், சாப்பிடாதே என்றும் சொல்ல முடியாமல் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். பாயில் கிடந்த பொன்னுருவி ரெண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மாவின் கை தன் கை மாதிரியே ஆகிக்கொண்டு வருவது அவளுக்குத் தெரிந்தது. அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சியைத் துப்பாமல் விழுங்கத் தொடங்கியது அப்போதுதான், ஆசையினால் அல்ல, பயத்தினால்.

வெயில் சுள்ளென்று ஏறிய ஒரு காலை நேரத்தில், எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, காப்பு கட்டை விரல் எலும்பைத் தாண்டி, கொஞ்சம் தோலையும் எடுத்துக்கொண்டு, நழுவி வந்துவிட்டது. பருத்தது மகள் கையா, கரைந்தது தாய் கையா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அதைச் சுமந்த மணிக்கட்டு வெளுத்துப்போய், பள்ளமாக, குழந்தை மேல்தோல் மாதிரி இருந்தது. வெள்ளச்சி அழுதாள், சிரித்தாள், எழுந்திரு சாமி, பொழுது சாயறதுக்குள்ள சுனைக்குப் போயிடலாம் என்று மகளைத் தூக்கி உட்கார வைத்தாள்.

சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தார்கள். அங்காயி கிழக்குப் பார்த்து உட்கார்ந்து ரெண்டு கையையும் ஏந்தினாள். முறைப்படி வெள்ளச்சி காப்பை அதில் வைக்க வேண்டும், பொன்னுருவி தண்ணீர் வார்க்க வேண்டும். வெள்ளச்சி காப்பை நீட்டினவள் அப்படியே நிறுத்திவிட்டாள். சுடுகாட்டில் ஊர் புதைத்த கட்டிகள் அவள் நினைப்புக்கு வந்தன.

"வாங்காதீங்க சம்பந்தி" என்றாள். "இத நானே கொண்டுபோயி ஆத்துல வுட்டுடறேன். பொண்ண மட்டும் அனுப்பி வெச்சிடுங்க. தெரியாம இருந்தா எங்கனா நல்லா இருக்கான்னாவது நெனச்சிக்கலாம் இல்ல?"

அங்காயி ஏந்தின கையை மடக்கவில்லை. கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன, ஓடையில் யாரோ துணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நெனச்சி நெனச்சித்தான் இத்தன வருசம் ஓட்டிட்டேன்" என்றாள் கடைசியில். "வெய்யி."

வெள்ளச்சி வைத்தாள். பொன்னுருவி தண்ணீர் வார்த்தாள், சொம்பைப் பிடிக்க அவள் கைக்கு வலு இல்லாததால் பாதி தரையில் சிந்திற்று. பொன்னுருவியின் அளவில் இருந்த காப்பு அங்காயியின் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு சேற்றில் பதிந்த கால்தடம் மூடிக்கொள்வதுபோல, சத்தமே இல்லாமல், நாலு பக்கமிருந்தும் உள்ளே வந்து, ஓட்டை மூடிக் கட்டியாகிவிட்டது.

அங்காயி அலறவில்லை. தண்ணீர் வடிகிற வரைக்கும் கையை அப்படியே ஏந்தி வைத்திருந்தாள். பிறகு கட்டியைத் திருப்பிப் பார்த்தாள், மறுபக்கமும் பார்த்தாள், முந்தானையால் துடைத்தாள்.

"என்னிக்கின்னு சொல்லாதா இது?" என்று கேட்டாள். "போன வருசமா, போன அன்னிக்கேவா? நான் இங்க களி தின்னுக்கினு, சந்தையில சிரிச்சிக்கினு இருந்தப்பவா?"

யாருக்குத் தெரியும்? காப்பு அளவைத்தான் சொல்லும், நாளைச் சொல்லாது. வெள்ளச்சி அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள், என் மகளுக்காக உன் மகளை மூடிவிட்டேனே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அது நியாயமில்லை என்று அவளுக்கே தெரியும், ஆனாலும் சொல்லிக்கொண்டாள். அங்காயி அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டு, முறை முடிந்தது, வெயில் முற்றுவதற்குள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கிளம்பு என்றாள். இனிமேல் பொன்னுருவி அந்த வீட்டுக்கு யாரும் இல்லை. பரிசம் முறிந்தவள் அந்த வீட்டுத் தண்ணீரைக்கூடத் தொட வேண்டியதில்லை. வெள்ளச்சி துணிமூட்டையைக் கட்டினாள்.

பொன்னுருவி எழுந்திருக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடி அங்காயியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே" என்றாள். "எனக்குப் பசிக்குது."

பிள்ளை போன நாளிலிருந்து அவள் வாயில் வராத சொல் அது. நிஜமாகவே பசித்ததோ, அங்காயியை எழுப்ப வேறு வழி தெரியாமல் சொன்னாளோ, அதை நாம் கேட்க முடியாது. அங்காயி கட்டியை மடியில் முடிந்துகொண்டாள். எழுந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுப்பை மூட்டி உலை வைத்தாள், கேழ்வரகு மாவைக் கொட்டி, கண்ணில் புகை பட்டதுபோலத் துடைத்துக்கொண்டே, கட்டி விழாமல் கிளறினாள். சுடச்சுடக் களியை உருட்டி, ஒரு உருண்டையைப் பொன்னுருவி கையில் வைத்தாள், ஒரு உருண்டையை வெள்ளச்சி கையில் வைத்தாள். அவர்கள் ரெண்டு பேரும் தின்னத் தொடங்கினார்கள். அங்காயி இன்னொரு உருண்டையை உருட்டி, அதை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல், ஆறிப்போகிற வரைக்கும் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.